பெரிய கண்மாயும் ராமேசுவரத்து மணலும்: நகர வெள்ளத் தடுப்பில் நீர்ப்பிடிப்பு மாதிரிகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர் 21 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ராமேசுவரத்தில் 44 செ.மீ. மழை பதிவாயிற்று. தங்கச்சிமடத்தில் 34 செ.மீ., பாம்பனில் 28 செ.மீ., பாலத்துக்கு மேற்கே மண்டபத்தில் 27 செ.மீ. பாம்பனில் பெய்ததில் 19 செ.மீ. முந்தைய நாள் முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 2.30 வரையான மூன்று மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்தது. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 827 மி.மீ. என்பதை இதனருகே வைத்துப் பார்த்தால், ஓராண்டுக்கு உரிய மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் ராமேசுவரத்தில் இறங்கியது விளங்கும். குடிநீருக்குக் குடத்துடன் காத்திருந்தே பழகிய ஒரு நிலத்தில் தெருக்களில் முழங்கால் அளவு நீர் நின்றபோது, வடிகால் ஏன் இல்லை என்ற கேள்வி எல்லோரிடமும் எழுந்தது. அதற்கு முன்னே கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வியை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது: இங்கு வரும் வெள்ளம் எங்கிருந்து வருகிறது, அதைக் கணிக்க எந்த வகை நீர்ப்பிடிப்பு மாதிரி பொருந்தும்?

கேள்வி எளிதாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கடற்கரையில் அதற்கு ஒரே விடை இல்லை. ராமநாதபுரம் நகரம் வைகையின் வால்முனையில், பெரிய கண்மாய் என்னும் ஏரியின் கரைக்குக் கீழே இருக்கிறது. அதற்கு வரும் பெரும் ஆபத்து, வருசநாட்டு மலையில் தொடங்கி 250 கி.மீ.க்கு மேல் நடந்து வரும் ஆற்று நீரும், வழியில் நிறைந்து வழியும் கண்மாய்களின் உபரியும் ஆகும். ராமேசுவரம் தீவுக்கோ மேலே ஆறும் இல்லை, கண்மாய்த் தொடரும் இல்லை. தன் தலைமேல் பெய்யும் மழையே அதன் முழு வெள்ளம். முதல் நகருக்கு நாள்கணக்கில் எச்சரிக்கை கிடைக்கும், இரண்டாவது ஊருக்கு மணிக்கணக்கில்கூடக் கிடைக்காது. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரு ஊர்களுக்கும் ஒரே வகைக் கணிப்பை வைத்து ஒரே வகை வடிகாலை வரைந்தால், இரண்டில் ஒன்றிலாவது பணம் வீணாகும் என்பது என் உறுதியான கருத்து.

நீர்ப்பிடிப்பு மாதிரி செய்யும் வேலை

மழை நிலத்தில் விழுந்தபின் அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு மேலே வழிந்தோடும், வழிந்தோடுவது எந்த நேரத்தில் எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைக் கணக்கிடுவதே நீர்ப்பிடிப்பு மாதிரி. இதற்காக இந்தியப் பொறியாளர்கள் அதிகம் கையாளும் மென்பொருள்கள் சில உண்டு. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம் உருவாக்கிய ஹெச்.இ.சி.-ஹெச்.எம்.எஸ். மழையை ஓட்டமாக மாற்றித் தரும். அதே மையத்தின் ஹெச்.இ.சி.-ராஸ் அந்த ஓட்டம் சமவெளியில் எப்படிப் பரவும் என்று காட்டும். 1971 இல் முதல் வடிவம் பெற்ற ஸ்வம், தெரு வடிகால்களுக்கும் குழாய்களுக்கும் உரியது. ஆண்டு முழுவதற்குமான நீர்க்கணக்குக்கு ஸ்வாட் பயன்படுகிறது. இவை அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எனவே இங்கே தடை மென்பொருள் அன்று. உள்ளே இடப்படும் நில அளவுகளும், அந்த அளவுகளைப் பற்றிய நம் புரிதலும்தான் தடை.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டதும், அந்த நீரும் வழியில் சேர்ந்த பிற ஏரிகளின் உபரியும் சென்னையின் தென்பகுதியை மூழ்கடித்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பின் 2019 இல் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் சி-ஃப்ளோஸ் என்னும் கடலோர வெள்ள எச்சரிக்கை அமைப்பைச் சென்னைக்கு உருவாக்கியது. வானிலைக் கணிப்பு, கடல் ஏற்றம், ஆற்று ஓட்டம் ஆகியவற்றை ஒரே கோவையில் இணைத்தது அதன் சிறப்பு. பெருநகரத்துக்குச் செய்த அந்த இணைப்பு வேலை சிறு கடலோர நகரங்களுக்கும் தேவைப்படுகிறது. ஆனால் சென்னையின் அமைப்பை அப்படியே இறக்கிவைக்க முடியாது. ராமநாதபுரத்து நிலம் வேறு.

பள்ளங்களை நிரப்பும் பிழை

கணினியில் ஒரு நீர்ப்பிடிப்பை வரைய முதலில் தேவைப்படுவது நில உயர வரைபடம். இலவசமாகக் கிடைப்பவற்றுள் பலரும் எடுப்பது, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் ரேடார் கொண்டு எடுத்த எஸ்.ஆர்.டி.எம். வரைபடம். கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளின் இணைப்படங்களிலிருந்து இஸ்ரோ தயாரித்த கார்ட்டோடெம் வரைபடமும் உண்டு. மலைப்பகுதியில் இவை நன்றாகவே பயன்படுகின்றன. ராமநாதபுரத்தின் கடலோரத்திலோ நிலமே கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே இருக்கிறது. எஸ்.ஆர்.டி.எம். திட்டம் தனக்கு வைத்துக்கொண்ட செங்குத்துப் பிழை எல்லை 16 மீட்டர். சமவெளியில் உண்மைப் பிழை அதைவிடக் குறைவு என்றாலும், அதுவும் மீட்டர் கணக்கில்தான் இருக்கிறது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைவிட அளவுகோலின் பிழை பெரிதாக இருக்கும்போது, அதிலிருந்து கணினி வரைந்து தரும் ஓடைகள் உண்மை ஓடைகள் அல்ல.

இத்துடன் இங்கே இரண்டு தனித் தொல்லைகள் சேர்கின்றன. மாவட்டம் முழுவதும் கண்மாய்ப் படுகைகளிலும் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களிலும் சீமைக் கருவேலம் புதராக மண்டியிருக்கிறது. ரேடார் அலை தரைவரை முழுமையாக இறங்குவதில்லை. புதரின் மேற்பரப்பை ஓரளவு தரையாகவே பதிந்துவிடுகிறது. ஆகவே பள்ளமாக இருக்க வேண்டிய வரத்துக்கால் வரைபடத்தில் மேடாகத் தெரியலாம். நீர் நின்ற கண்மாயிலோ படுகை பதிவாவதில்லை, நீரின் மேல்மட்டமே பதிவாகிறது.

இவற்றைவிடப் பெரிய கேடு, மென்பொருளின் வழக்கமான முதல் படியில் இருக்கிறது. நில உயர வரைபடத்தை எடுத்தவுடன் அதில் உள்ள பள்ளங்களையெல்லாம் நிரப்பிச் சமப்படுத்திவிட்டுத்தான் ஓட்டத் திசையைக் கணக்கிடுவார்கள். மூடிய பள்ளம் என்பது அளவீட்டுப் பிழை, நீர் எப்போதும் கீழ்நோக்கி ஓடிக் கடலைச் சேர வேண்டும் என்ற அனுமானத்தில் வந்த வழக்கம் இது. ராமநாதபுரத்திலோ பள்ளமே அமைப்பு. கண்மாய், ஊருணி, தாங்கல், குட்டை என்று சேதுபதிகள் காலத்துக்கு முன்பிருந்தே வெட்டிவைத்த பள்ளங்களில் நீர் தங்கித் தங்கித்தான் கடலுக்குப் போகும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஊரார் சொல்வார்கள். நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளம், பாசனத்துக்கு நீர் திறக்கும் 48 மடைகள். அப்படிப்பட்ட ஒரு நீர்ப்பரப்பை ஒரு சொடுக்கில் நிரப்பிச் சமநிலமாக்கிவிட்டு மேற்கொண்டு செய்யும் எந்தக் கணக்கும் இந்த மண்ணின் கணக்காகாது. மாதிரியைச் செய்பவர் முதலில் செய்ய வேண்டியது, கண்மாய் ஒவ்வொன்றையும் ஒரு நீர்த்தேக்க உறுப்பாகத் தனியே வைத்து, அதன் கரைமட்டம், கலுங்குமட்டம் (நிறைந்தபின் உபரி வழியும் இடத்தின் மட்டம்), மடைகளின் எண்ணிக்கை, கலுங்கு நீர் போய்ச் சேரும் அடுத்த கண்மாய் ஆகியவற்றைக் கையால் இணைப்பதாகும். இது மெதுவான வேலை. ஆனால் தவிர்க்க முடியாதது.

முதல் நிலை: ராமநாதபுரம் நகரம்

வைகை இம்மாவட்டத்துக்குள் வரும்போது பார்த்திபனூர் மதகணையில் பிரிந்து வலது, இடது கால்வாய்களில் கண்மாய்களுக்குப் போகிறது. எஞ்சிய ஆறு பரமக்குடியைக் கடந்து, நகருக்கு மேற்கே விரிந்து கிடக்கும் பெரிய கண்மாயை நிரப்புகிறது. அதன்பின் மிஞ்சுவது ஆற்றங்கரை என்னும் ஊர் அருகே பாக் நீரிணையைச் சேர்கிறது. பல ஆண்டுகளில் அப்படி மிஞ்சுவதே இல்லை. கடலைக் காணாத ஆறு என்ற பேச்சு வைகைக்கு உண்டு. மிஞ்சும் ஆண்டில்தான் நகரம் ஆபத்தில் இருக்கிறது.

இத்தகைய ஆண்டில் கண்மாய்த் தொடர் இருவகையாக நடந்துகொள்ளும். பருவத்தின் தொடக்கத்தில், அக்டோபரில், கண்மாய்கள் வெற்றாக இருக்கும்போது பெருமழை வந்தால், ஒவ்வொன்றும் வருவதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே வரும் வெள்ளத்தின் உச்சி தட்டையாகும். அதே மழை டிசம்பர் தொடக்கத்தில், கண்மாய்களெல்லாம் கலுங்குமட்டம் வரை நிறைந்து நிற்கும்போது வந்தால், பிடித்துவைக்க இடமே இராது. மேலே எங்கோ ஒரு சிறு கண்மாயின் கரை உடைந்தால், அந்த நீர் அடுத்த கண்மாயின் கரையை மீறும், அங்கிருந்து அதற்கடுத்ததை. உடைப்பு இப்படிச் சங்கிலியாகக் கீழே இறங்கி வரும்போது, மழை விட்டு ஒரு நாள் கழித்துக்கூட நகருக்கு நீர் வரக்கூடும். மழை நின்றது என்று மூட்டை அவிழ்த்தவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஆகவே மழையளவை மட்டும் கொடுத்து ஓட்டும் மாதிரி இங்கே பாதி மாதிரி. மழைக்கு முந்தைய நாள் கண்மாய்களின் நீர்மட்டம் என்ன என்பது அதே அளவுக்கு முக்கியமான உள்ளீடு.

கலுங்கைப் பற்றி ஒரு சிறு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனெனில் முழு மாதிரியும் இதில் தொங்குகிறது. 30 மீட்டர் நீளமுள்ள ஓர் அகன்ற கலுங்கின் மேல் நீர் 50 செ.மீ. உயரத்துக்கு ஓடினால், வழக்கமான சூத்திரப்படி விநாடிக்கு ஏறத்தாழ 18 கன மீட்டர் வெளியேறும். பருவக் கடைசியில் கூடுதலாக நீர் சேர்க்க வேண்டி, கலுங்குக் கற்களின் இடையே பலகை வைத்தோ மண்மூட்டை அடுக்கியோ 20 செ.மீ. உயர்த்துவது பல ஊர்களில் பழைய வழக்கம். அப்படி உயர்த்திய கலுங்கில், கண்மாயின் நீர்மட்டம் அதே அளவில் இருக்கும்போது, நீர் ஓடும் உயரம் 30 செ.மீ. ஆகக் குறைந்து வெளியேற்றம் விநாடிக்கு 8.4 கன மீட்டராகச் சரிந்துவிடும். கையளவு மண்மூட்டை, வெளியேற்றத்தைப் பாதியளவுக்கும் கீழே கொண்டுபோய்விட்டது. எந்தச் செயற்கைக்கோளும் அந்த மூட்டையைக் காட்டாது. அந்தக் கலுங்கில் இந்த ஆண்டு பலகை இருக்கிறதா இல்லையா என்பதை அறிந்தவர் கண்மாய் நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் ஊரின் நீர்பாய்ச்சி ஒருவரே. அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது, மாதிரி செய்பவர் தன் தொழிலின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டிய வேலை.

நகரைக் காக்க எளிய வழி ஒன்று உடனே தோன்றும்: பெருமழை வரும் என்று வானிலை மையம் சொன்னவுடன் கண்மாயின் மடைகளைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைப்பது. ஒரு நிகழ்வை மட்டும் ஓட்டும் மாதிரியில் இது எப்போதும் நல்ல தீர்வாகவே தெரியும். அந்தக் கண்மாய் நீரை நம்பிப் பயிரிடும் ஆயக்கட்டு விவசாயிக்கு இதன் பொருள் வேறு. கணித்த மழை தவறிப்போனால், திறந்துவிட்ட நீர் திரும்ப வராது. தை மாதம் கதிர் பிடிக்கும் நேரத்தில் வயல் காயும். இந்த மாவட்டத்தில் கண்மாய் நிறைவது ஆண்டுதோறும் நிகழும் உறுதியான செயல் அன்று. ஆகவே நிகழ்வு மாதிரியோடு, பல பத்தாண்டு நாள்மழையை வைத்து ஓட்டும் தொடர் நீர்க்கணக்கும் கட்டாயம் வேண்டும். நவம்பர் நடுவில் அரை மீட்டர் தாழ்த்திய கண்மாய் டிசம்பர் முடிவதற்குள் மீண்டும் நிறைந்த ஆண்டுகள் எத்தனை, நிறையாத ஆண்டுகள் எத்தனை என்ற எண்ணிக்கையை விவசாயிகளின் முன்னே வைத்துப் பேசினால், பேச்சு சண்டையாகாமல் ஏற்பாடாக மாற வாய்ப்பு உண்டு. நிறையாத ஆண்டில் இழப்பை யார் ஈடுசெய்வது என்பதும் அந்த ஏற்பாட்டிலேயே எழுதப்பட வேண்டும். நகரைக் காப்பதற்கான செலவை வயல் மட்டும் சுமப்பது நியாயமாகாது.

மாதிரி சரியா என்று சோதிக்கப் பரமக்குடியில் உள்ள மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் உதவும். அதற்குக் கீழே ஆற்றில் ஓட்டத்தை அளப்பதைவிட, கண்மாய்ப் பரப்பின் விரிவை அளப்பதே எளிது. 2014 முதல் சுற்றிவரும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார், மேகத்தை ஊடுருவி நீர்ப்பரப்பைக் காட்டுகிறது. பருவ நாட்களிலேயே படம் கிடைப்பதால், மாதிரி சொல்லும் நீர்ப்பரப்போடு அதை ஒட்டிப் பார்க்கலாம். இங்கும் கருவேலப் புதர் இடைஞ்சல்தான், புதருக்குள் நிற்கும் நீர் ரேடாருக்கு முழுதும் புலப்படாது. எனினும் திறந்த நீர்ப்பரப்புக்கு இது நம்பத்தக்கது.

கடலை ஒட்டிச் செல்லும் சாலை

கிழக்குக் கடற்கரைச் சாலை தொண்டி, தேவிபட்டினம் வழியாகக் கரைக்கு இணையாக ஓடுகிறது. கடலுக்குப் போகும் ஒவ்வோர் ஓடையும் அதைக் குறுக்கே கடந்தாக வேண்டும். சாலைமேடு நிலத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரம் என்றாலே போதும், அதற்கு மேற்கே உள்ள தரவை என்னும் தாழ்நிலம் முழுவதும் ஒரு கண்மாய்போல் நீரைத் தேக்கும்; சிறுபாலத்தின் கண் அகலமே அப்போது கலுங்காகிறது. ஒவ்வொரு கட்டமும் 30 மீட்டராக உள்ள நில உயர வரைபடத்தில் பத்து மீட்டர்ச் சாலை தெளிவாகத் தெரியாது, அதன் அடியிலுள்ள சிறுபாலம் தெரியவே தெரியாது. மதுரை–ராமேசுவரம் ரயில் பாதைக்கும், கடலோர உப்பளங்கள், இறால் பண்ணைகள் ஆகியவற்றின் வரப்புகளுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு சிறுபாலத்தின் அகலத்தையும் அடிமட்டத்தையும் லெவல் கருவியால் அளந்து மாதிரியில் சேர்க்காமல், கடலோரத் தாழ்நிலத்தின் நீர்மட்டத்தைச் சொல்ல இயலாது.

இரண்டாம் நிலை: ராமேசுவரம்

தீவில் கணக்கு வேறு திசையில் செல்கிறது. மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்பதற்குப் பொதுவாகக் கையாளப்படுவது வளைவரை எண் முறை. மண்ணின் தன்மையையும் நிலப் பயன்பாட்டையும் கொண்டு 100 வரை ஓர் எண் தரப்படும். எண் உயர உயர வழிந்தோடல் மிகும். 44 செ.மீ. மழையை இந்த முறையில் இட்டுப் பார்த்தேன். கட்டடமும் சிமென்ட் தளமும் நிறைந்த தெருப்பகுதிக்கு 90 என்ற எண்ணை வைத்தால் 408 மி.மீ. வழிந்தோடும். இடையிடையே மணல்வெளி உள்ள குடியிருப்புக்கு 60 என்றால் 287 மி.மீ. மரங்கள் நிற்கும் தூய மணல்மேட்டுக்கு 40 என்றால் 178 மி.மீ. ஒரு சதுர கிலோமீட்டர்ப் பரப்புக்கு இவை முறையே 4.08, 2.87, 1.78 லட்சம் கன மீட்டர் நீராகும். மணல்மேடு ஒரு சதுர கிலோமீட்டர் தளம் பூசப்பட்டுத் தெருவாக மாறும்போது, இத்தகைய ஒரு நாளில் கூடுதலாகத் தேங்கும் நீர் 2.3 லட்சம் கன மீட்டர். 60 மீட்டருக்கு 60 மீட்டர், 3 மீட்டர் ஆழமுள்ள ஊருணி 22 இருந்தால்தான் அந்தக் கூடுதலை மட்டும் பிடிக்க முடியும்.

ஆனால் 40 என்ற எண்ணை நம்பிவிடக் கூடாது என்பதே இந்தப் பகுதியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அந்த எண்ணின்படி மணல் 262 மி.மீ. நீரை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மணலில் நீர் தங்கும் இடைவெளியைக் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அதற்கு 1.3 மீட்டர் ஆழம் உலர்ந்த மணல் வேண்டும். ராமேசுவரம் பவளப்பாறைச் சுண்ணாம்பின் மேல் மணல் மூடிய தாழ்ந்த தீவு. நிலத்தடி நீர்மட்டம் ஆழமில்லை. அக்டோபர் மழையால் நீர்மட்டம் அரை மீட்டர் ஆழத்துக்கு ஏறிவிட்ட இடத்தில், 100 மி.மீ. மழை இறங்கியவுடன் மணல் நிறைந்துவிடும். அதன்பின் மணலும் சிமென்ட் தளமும் ஒன்றே. மண்ணின் இறக்குவேகத்தை மட்டும் பார்த்து மணல் ஊரில் வெள்ளம் வராது என்று முடிவுகட்டும் மாதிரி இங்கே தோற்கும். நிலத்தடி நீர்மட்டத்தையும் சேர்த்து ஓட்டும் மாதிரியே தேவை. ஊரிலுள்ள திறந்த கிணறுகளில் வாரம் ஒருமுறை கயிறு விட்டு அளந்தாலே இதற்கான உள்ளீடு கிடைத்துவிடும். செலவு மிகச் சிறிது.

வடிகாலின் அளவுக்கு வருவோம். பாம்பனின் மூன்று மணி நேர மழை, சராசரியாக மணிக்கு 63 மி.மீ. கட்டடம் நிறைந்த 10 ஹெக்டேர் பகுதியில், விழுவதில் ஐந்தில் நான்கு பங்கு வழிந்தோடும் என்று கொண்டால் விநாடிக்கு 1.4 கன மீட்டர் நீர் வடிகாலுக்கு வரும். ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள சிமென்ட் வடிகால், 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு இருந்தால் இதைச் சரியாகச் சுமக்கும். சரிவு 2,000 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று குறைந்தால், அதே வடிகால் பாதியைத்தான் சுமக்கும். தீவின் தாழ்ந்த பகுதிகளில் முதல் சரிவு கிடைப்பது அரிது. சரிவுக்காக ஆழமாக வெட்டினால் வடிகாலின் அடி கடல்மட்டத்துக்குக் கீழே போய்விடும். மழையில்லாத நாளில் கடல்நீர் அதன் வழியே உள்ளே ஏறும்.

கடல்மட்டமும் நிலையாக நிற்பதில்லை. பாக் நீரிணையில் ஓதம், அதாவது அன்றாடக் கடல் ஏற்றவற்றம், சிறிது, ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் நம் கிழக்குக் கரையில் ஆண்டின் உயர்ந்த கடல்மட்டம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமைகிறது. பெருமழையின் மாதமும் அதுவே. வாடைக்காற்று வலுக்கும்போது பாக் நீரிணைப் பக்கமாகிய வடகடலின் நீர் தீவின் வடகரையில் மேலும் ஏறி நிற்கும். அதே நேரத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமாகிய தென்கடல் ஒப்பளவில் தாழ்ந்திருக்கும். மீனவர்கள் இதை நன்கு அறிவார்கள். காற்றைப் பார்த்துத்தானே அவர்கள் படகை ஒரு கடலிலிருந்து மற்றதற்கு மாற்றுகிறார்கள். வடிகாலின் வாயை எந்தக் கடலில் வைப்பது என்பதை இந்த அறிவைக் கொண்டு தீர்மானிக்கலாம். நவம்பரில் தென்கடலில் திறக்கும் வாய்க்குச் சில பத்து சென்டிமீட்டர் சரிவு கூடுதலாகக் கிடைக்குமானால், இவ்வளவு தட்டையான நிலத்தில் அது பெரிய லாபம். மாதிரியில் கடல் எல்லையின் நீர்மட்டத்தைச் சுழியமாக வைப்பதை விட்டு, நவம்பர் மாத உயர்மட்டத்தையும் புயலேற்றத்தையும் தனித்தனியே வைத்து ஓட்ட வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது மழை அன்று, கடல் ஏற்றம். அப்படிப்பட்ட நாளில் எந்த வடிகாலும் வெளியே தள்ளாது.

ஆகவே தீவுக்கு என் பரிந்துரை, வடிகாலை முதன்மையாக்காமல் தேக்கத்தை முதன்மையாக்குவது. காரணம் வெள்ளம் மட்டும் அன்று. தீவின் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லைபோல் நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கொள்கையளவில் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். ஆழ்ந்த வடிகால்களை வெட்டி நீர்மட்டத்தை நிலையாகத் தாழ்த்தினால், வெள்ளம் குறையும், கூடவே கிணற்றுநீரும் உவர்க்கும். தீவில் தீர்த்தங்களும் ஊருணிகளும் நிறைய இருக்கின்றன. அவற்றின் வரத்து வழிகளை மீட்டு, தெருக்களின் நீரை ஆழமில்லாத வாய்க்கால்களால் முதலில் அங்கே கொண்டுசென்று, அவை நிறைந்தபின் மட்டும் உபரி கடலுக்குப் போகும்படி கலுங்குமட்டம் வைக்க வேண்டும். தெருநீரில் சாக்கடை கலந்திருக்கும் இடங்களில் இதைச் செய்யக் கூடாது. அங்கே முதலில் கழிவுநீரைப் பிரிக்க வேண்டும். மக்கள் நீராடும் தீர்த்தங்களுக்கு எந்தத் தெருநீரையும் கொண்டுபோகலாகாது.

இவ்வளவு செய்தாலும் 44 செ.மீ. மழையை இந்த ஏற்பாடு முழுதும் அடக்காது. அந்த அளவுக்கு வடிகால் கட்டுவதும் பொருளாதாரத்தில் இயலாது. மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2019 இல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேடும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழைக்கே வடிகாலை அளவிடச் சொல்கிறது. பெருமழையை மாதிரியில் ஓட்டிப் பார்ப்பதன் பயன் வேறு: எந்தத் தெருவில் நீர் எந்த நேரத்தில் இடுப்பளவு எட்டும், எந்தப் பள்ளி உலர்ந்து நிற்கும், மருத்துவமனைக்குப் போகும் வழி எங்கே அறுபடும் என்பதை முன்கூட்டியே வரைந்து வைக்கலாம். 2023 டிசம்பரில் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததை வைத்துப் பார்த்தால், இந்தக் கடற்கரைக்கு 44 செ.மீ. மேல்வரம்பு அன்று. அந்த 95 செ.மீ.ஐயும் ராமேசுவரத்தின் மேல் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்து, புகலிடங்களை அதன்படியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மழைமானிகளும் ஒரே அடிமட்டமும்

பாம்பனுக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தத் தொலைவுக்குள் ஒரே நாளில் 28க்கும் 44க்கும் இடையிலான வேறுபாடு. பாம்பன் வானிலை நிலையத்தின் நீண்ட பதிவு மதிப்புமிக்கதே. ஆயினும் அதை மட்டும் கொண்டு ராமேசுவரத்தின் வடிகாலை அளவிட்டால் குறைவாகவே வரும். தங்கச்சிமடத்திலும் ராமேசுவரத்திலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் தானியங்கி மழைமானிகள் வேண்டும். நாளளவு மழை கண்மாய்க்குப் போதும், தெரு வடிகாலுக்குப் போதாது.

மற்றொன்று அடிமட்டப் பொருத்தம், அதாவது எல்லா உயரங்களையும் ஒரே தொடக்க மட்டத்திலிருந்து அளப்பது. கண்மாய்களின் மட்டங்கள் பழைய பதிவேடுகளில் அடிக்கணக்கில், அந்தந்த ஊரின் தனிக் குறிக்கல்லை வைத்து எழுதப்பட்டிருக்கும். நகராட்சியின் வடிகால் மட்டங்கள் வேறொரு குறிக்கல்லிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். ஓத அட்டவணை சொல்லும் உயரமோ, துறைமுக வரைபடத்தின் தாழ்மட்டத்திலிருந்து அளந்தது. இந்திய நில அளவைத் துறையின் சராசரிக் கடல்மட்டமும் அதுவும் ஒன்றல்ல. இவற்றை மாற்றாமல் ஒரே மாதிரியில் கலந்தால், சில பத்து சென்டிமீட்டர்ப் பிழை சத்தமின்றிப் புகுந்துவிடும். வடிகாலின் மொத்தச் சரிவே அவ்வளவுதான் என்னும் ஊரில், நீர் கடலுக்குப் போகிறதா கடலிலிருந்து வருகிறதா என்பதையே அந்தப் பிழை மாற்றிவிடும். ஆகவே மென்பொருளைத் திறப்பதற்கு முன், ஒரு கோடைக்காலத்தில், பெரிய கண்மாயின் கலுங்கிலிருந்து ஆற்றங்கரை முகத்துவாரம் வரையும், ராமேசுவரத்தின் வடகரையிலிருந்து தென்கரை வரையும் ஒரே குறிக்கல்லிலிருந்து மட்டம் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு கலுங்கு, சிறுபாலம், வடிகால் வாய், ஊருணிக் கரை ஆகியவற்றின் மட்டத்தையும் குறித்து, அதே எண்ணைப் பெயின்டால் அந்தந்த இடத்திலேயே எழுதி வைத்தால், அடுத்த வெள்ளத்தில் நீர் எங்கே நின்றது என்பதை ஊரார் எவரும் பார்த்துச் சொல்ல முடியும்.